ரிபிள்ஹெட் பாலம்: கல்லுக்கு மேலே செங்கல்

யார்க்‌ஷயரின் ரிபிள்ஹெட் ரயில் பாலம் முழுக்க முழுக்கக் கல்லால் ஆனது என்று அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. தூண்களும் முகப்பும் சுண்ணாம்புப் பாறைதான். ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது செங்கல். வளைவுகளின் உட்புறம் செங்கல் கட்டுமானம். வளைவு வடிவில் மரச்சாரம் அமைத்து, அதன் மேல் வரிசை வரிசையாக அடுக்கி, சாந்து இறுகியபின் சாரத்தைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

கட்டுரையில் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். மொத்தம் 24 வளைவுகள். ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமன். வளைவுகள் பக்கத்து வளைவின் உதைப்பில்தான் நிற்கின்றன; ஒன்று விழுந்தால் வரிசையாக மற்றவையும் சாயும். தடித்த தூண் அந்தச் சரிவை அங்கேயே நிறுத்திவிடும். கணினி இல்லாத காலத்தில் இந்த முன்யோசனை!

1870இல் வேலை தொடங்கியது, 1874இல் பாலம் முடிந்தது. இத்தனைக்கும் மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் 1869இலேயே இந்தப் பாலம் வழியாகச் செல்லும் ரயில் தடமே வேண்டாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேட்டுப் பார்த்தது, அங்கே விடவில்லை. சரி, சுமையைச் சுமந்தது யார்? பாலம் கடக்கும் ‘பாட்டி மாஸ்’ (Batty Moss) என்ற சதுப்பு நிலத்தில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கிய கூலித் தொழிலாளிகள். விபத்து போதாதென்று பெரியம்மையும் வந்தது. அருகிலுள்ள சேப்பல்-லெ-டேல் ஊர்த் தேவாலயக் கல்லறை நிரம்பி, இடத்தைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. பாலத்தை வடிவமைத்த பொறியாளர் கிராஸ்லிக்குக் கட்டுரையில் ஒரு பத்தி ஒதுக்கியவர்கள் இவர்களுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.