தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர்

ரயில்வேயின் சுற்றுச்சூழல் பணி என்றாலே பயோ டாய்லெட், மின்மயம், சோலார் என்றுதான் பேச்சு வருகிறது. எல்லாம் தேவையானவை. மானாமதுரை – ராமேஸ்வரம் 114 கிலோமீட்டரை 2016இல் நாட்டின் முதல் பசுமை ரயில் தடமாக அறிவித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். பயோ டாய்லெட் வைத்த பெட்டியிலிருந்து மலம் தண்டவாளத்தில் விழாது என்பது, நாள் முழுக்க அதே தண்டவாளத்தைக் கையால் தொட்டு வேலை பார்க்கும் கேங்மேனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் எங்கள் காவிரி டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

நம் நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. ஆறு, வாய்க்கால், வடிகால் எல்லாம் அந்தப் பக்கம்தான். 1861இல் வந்த நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பாதை பெரும்பாலும் அந்த ஓட்டத்தோடு போகிறது. 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட மாயவரம் – முத்துப்பேட்டை பாதையோ வடக்கு தெற்காக அத்தனை ஓட்டத்தையும் குறுக்கே வெட்டுகிறது. (நிலத்துக்காரர்களிடம் தனி வரி வாங்கிப் போட்ட பாதை அது. நம் பாட்டன்மார் காசு.) குறுக்கே மண்கரை வந்துவிட்டால், வெள்ளம் வடிய அடியில் இருக்கும் சின்னப் பாலங்கள்தான் வழி.

ஒரு கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. எங்கள் ஊரில் லைனுக்கு மேற்கே சம்பா மூழ்கி இலை நுனி மட்டும் தெரிந்தது. கிழக்கே, அதே மழையில், வரப்பு தெரிந்தது. பாலத்து வாயில் வெங்காயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்திருந்தது. அதில் பாலித்தீன் பை, தெர்மாகோல், யாரோ வீட்டு வைக்கோல். பெரியப்பா மூங்கில் கழியால் குத்தி இழுத்தார். ஒரு முழம் திறந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் பயிர் தலை காட்டியது. ஒரு வாரம் அப்படியே நின்றிருந்தால் அழுகிப்போயிருக்கும்.

இது விவசாயி கவலை மட்டும் இல்லை. தேங்கும் தண்ணீரில் ஊறினால் கரை மண்ணே சரியும், ரயில் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். லெவல் கிராசிங்கை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை தோண்டும்போதும் இதே யோசனை வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் ஊரில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்?

2030க்குள் நிகர பூஜ்ய கார்பன் என்பது ரயில்வேயின் இலக்கு. நடக்கட்டும். அதோடு, வருஷா வருஷம் புரட்டாசிக்குள் ஒவ்வொரு பாலத்தடியையும் தூர் வாருங்கள். நீர்வளத்துறை ஆளையும் அந்தந்த ஊர் விவசாயியையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். பாலத்துச் சுவரில் ஏற்கெனவே எண் எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கடைசியாகத் தூர் வாரிய தேதியையும் எழுதுங்கள்.