"சும்மா கிளம்பிப் போ"ன்னு சொல்றவங்க இந்த விசா ஃபார்மை ஒரு தடவை நிரப்பிக் காட்டுங்க

ஒரு வருஷம் கேப் எடுத்து வெளிநாடு சுத்தப் போறேன்னு வாயைத் திறந்தா போதும், உடனே யாராவது வந்துடுவாங்க, "ரொம்ப பிளான் பண்ணாத, பேக்கை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடு, மத்ததெல்லாம் வழியில பாத்துக்கலாம்"னு. யாரு சாமி நீங்கல்லாம்? உங்க பாஸ்போர்ட்டைப் பாத்தா பாதி உலகம் கதவைத் திறக்குது, நீங்க வழியில பாத்துக்கலாம். விசா இருந்தாத்தான் உள்ள விடுவேன்ங்கிற பாஸ்போர்ட்டை வச்சிருக்கவன் எதைய்யா வழியில பாக்குறது?

ஐரோப்பாவுல இருக்கிற ஷெங்கன் நாடுங்களையே எடுத்துக்குவோம். 29 நாடு, ஒரே விசா, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பயணத் தேதிக்கு 6 மாசத்துக்கு மேல இருந்தா அப்ளிகேஷனே வாங்க மாட்டான், பொதுவா நாம குடியிருக்கிற நாட்டுலதான் அப்ளை பண்ணணும்னும் சொல்றான். இப்ப நீங்களே கணக்கு போடுங்க, முதல்ல தென் அமெரிக்கா சுத்திட்டு எட்டாவது மாசம் ஐரோப்பா போகலாம்னு நெனச்சா, வீட்டுல இருக்கிறப்ப அப்ளை பண்ண நேரம் வரல, நேரம் வர்றப்ப நான் வீட்டுல இல்ல! ஏன் ஊர்ல அப்ளை பண்ணலன்னு காரணம் காட்டினா நடுவழியில இருக்கிற தூதரகத்துலயும் வாங்கிக்கலாமாம், அதுவும் அவங்க மனசு வச்சாத்தான். அதனால என்ன ஆகுது, பிடிச்ச மாதிரி ரூட் போட முடியாம, விசா கிடைக்கிற வரிசையில போட வேண்டியிருக்கு, ஆசைப்பட்டது ஜூன் மாசத்து வெயிலுக்கு, போறது ஜனவரி குளிருல.

அதுலயும் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது, போற நாளும் கணக்கு வர்ற நாளும் கணக்கு. முன்னாடி அதிகாரி ஸ்டாம்பைப் புரட்டிப் புரட்டி எண்ணிக்கிட்டு இருந்தாரு, 2025 அக்டோபர்லேர்ந்து கம்ப்யூட்டர்ல முகப் படத்தோட ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க, அது எண்றதுல தப்பாது. இது பரவால்ல, விதின்னா விதி, எனக்கு இதுல கோவமில்ல.

கோவம் எங்க வருதுன்னா அந்த ஃபார்ம்ல. "தற்போதைய தொழில்"னு ஒரு கட்டம். என்னத்த எழுதறது? படிப்பு முடிஞ்சுது, வேலையில இன்னும் சேரல, அதுக்குப் பேருதானே கேப் இயர்! மாணவன்னு போட்டா காலேஜ் லெட்டர் கொண்டான்னு கேக்குறான், வேலைன்னு போட்டா லீவு சாங்ஷன் லெட்டர் கேக்குறான், ஒண்ணுமில்லன்னு உண்மையை எழுதினா "திரும்பிப் போவாருன்னு நம்பிக்கை இல்ல"ன்னு ரிஜெக்ட் பண்றதுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுது. ஒரு வருஷம் சுத்துறதுக்கு மனுஷன் ஃப்ரீயா இருக்கணும், ஃப்ரீயா இருக்கிற மனுஷனுக்கு விசா தரமாட்டான். இதை யோசிச்சவனைக் கூட்டிட்டு வாங்க, ஒரு வார்த்தை பேசணும்.

அப்புறம் நாள்வாரியா எங்க தங்குறேன், திரும்பி வர்ற டிக்கெட் புக்கிங் எல்லாம் காட்டணும். கேன்சல் பண்ணிக்கலாம்ங்கிற ஹோட்டலா தேடிப் புக் பண்ணி, பிரிண்ட் எடுத்துக் குடுத்து, விசா வந்ததும் பாதிப் பேரு அத்தனையையும் கேன்சல் பண்றது கவுண்டர்ல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாதா என்ன. எல்லாரும் சேர்ந்து ஒரு நாடகம் போடுறோம், டிக்கெட் காசு மட்டும் நம்மளது. விசாவே வேண்டாம்ங்கிற நாட்டுக்குப் போனாலும், ஒன்வே டிக்கெட்டோட நின்னா சில சமயம் செக்இன் கவுண்டர்லயே "அடுத்த நாட்டுக்கு டிக்கெட் எங்க"ன்னு நிறுத்துவாங்க, ஏன்னா அங்க உள்ள விடலன்னா திருப்பிக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு ஏர்லைன்ஸ் தலையில.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துல பாத்துக்கலாம்னு சொல்ற ஆளுங்க தனி ரகம். சில நாட்டுல நுழையறதுக்குக் கேக்குற மஞ்சள் காய்ச்சல் சர்டிஃபிகேட், ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லும், ஹெபடைடிஸ் பி வழக்கமான கோர்ஸ் முடியவே 6 மாசம். இன்ஷூரன்ஸ்ல பெரிய எழுத்துல "உலகம் முழுக்க"ன்னு இருக்கும், சின்ன எழுத்துக்குப் போனா பல பாலிசியில ஒரே பயணம் இத்தனை நாளுக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கும், லைசன்ஸ் சரியில்லாம வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தா ஒத்தப் பைசா வராதுன்னும் இருக்கும். வெளிநாட்டுல வண்டி ஓட்ட, 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துப்படி தர்ற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டுக்கு ஆயுசே ஒரு வருஷம்தான், சீக்கிரமா எடுத்து வச்சுட்டா பயணம் முடியறதுக்குள்ள அது முடிஞ்சுடும். சீக்கிரம் பண்ணாலும் தப்பு, லேட்டா பண்ணாலும் தப்பு, எதை எப்பப் பண்றதுன்னு ஒரே இடத்துல சொல்ல ஒரு நாதி கிடையாது.

இதுக்கெல்லாம் மேல இந்த ஓடிபி. ஊர் பேங்க் கார்டுல ஆன்லைன்ல காசு கட்டப் போனா ஓடிபி பெரும்பாலும் ஊர் சிம்முக்குத்தான் வரும், அந்த சிம்மை வருஷம் முழுக்க ரீசார்ஜ் பண்ணி ரோமிங்ல உயிரோட வச்சிருக்கணும், நடுவுல ஃபோன் தொலைஞ்சா முடிஞ்சுது கதை. வெளிநாட்டுல இருக்கிறப்ப நம்பர் மாத்தணும்னா என்ன பண்றதுன்னு பேங்க் கஸ்டமர் கேர்ல கேட்டேன். அவ்வளவு பொறுமையா, அவ்வளவு மரியாதையா பதில் வந்துச்சு: "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட உங்க பிராஞ்சுக்கு நேர்ல வந்தீங்கன்னா உடனே மாத்திக் குடுத்துடுவோம்."

நேர்லயாம்!