ரிப்பீட்டரில் இடைவெளி விடவே மாட்டீர்களா?

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில், நம் குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் குரலை மட்டுமே ஏந்திச் செல்லும் பொதுச் சாதனம் என்பதை, உரிமத் தேர்வு எழுதி வந்தவர்களுக்கே எத்தனை முறைதான் சொல்வது? ஒருவர் பேசி முடித்து, மைக்கின் பேசும் பொத்தானை விடுவதற்குள் அடுத்தவர் அழுத்திவிடுகிறார். அவசர அழைப்போடு காத்திருப்பவர் எந்த இடைவெளியில் நுழைவார்? பல ரிப்பீட்டர்களில் ஒருவர் பொத்தானை விட்டதும் கேட்கும் அந்த 'பீப்' ஒலி அதற்காகத்தானே வருகிறது? அது ஒலிக்கும்வரை பொறுக்காவிட்டால், தொடர்ந்து பேசும் நேரத்துக்கு ரிப்பீட்டர் வைத்திருக்கும் கணக்கு புதிதாகத் தொடங்காது; 3 நிமிடம் போன்ற வரம்பு தாண்டியதும் ரிப்பீட்டர் வாயை மூடிக்கொள்ளும்.

இதைவிடக் கொடுமை, தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியைச் (கால்சைன்) சொல்லாமலே பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள். ஒரு 'கிளிக்', சிறிது இரைச்சல், அமைதி, மறுபடியும் 'கிளிக்'. அழைப்புக் குறியோடு 'சோதனை' என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இருவர் மலையுச்சி ரிப்பீட்டரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இரண்டு மீட்டர் அலைவரிசைப் பட்டையில், கேட்கும் அதிர்வெண்ணிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ரிப்பீட்டருக்கு அனுப்புவது, நேரடியாக எட்டாத தொலைவை எட்டத்தானே? ரிப்பீட்டர் இல்லாமல், ஒரே அதிர்வெண்ணில், அதாவது சிம்ப்ளெக்ஸில், நேரடியாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

காரின் இருக்கை இடுக்கில் மைக் அழுந்திக் கிடக்க, அது தெரியாமல் ஓட்டிச் செல்பவரின் இஞ்சின் உறுமலையும் இண்டிகேட்டர் டிக் டிக்கையும் அத்தனை பேரும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அதைச் சொல்லவும் வழியில்லை. அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவிக்கு எதுவும் கேட்காதல்லவா!