நீளம் இரட்டித்தால் உயரமும் இரட்டிக்கும்

"பரப்பில் ஒரு முனையால் ஒட்டிய பாலிமர் சங்கிலியும் (நீண்ட மூலக்கூறு) கரைசலில் மிதப்பது போலத்தான் வீங்கும், நீளத்தை இரட்டித்தால் உயரம் 1.5 மடங்குதான்" என்று சொல்வது, சங்கிலிகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகி நிற்கும்போது மட்டுமே சரி.

நெருக்கமாக ஒட்டினால் பக்கவாட்டில் விரிய இடமில்லை. அதனால் மேல்நோக்கி நீளும். அப்போது நீளம் இரட்டித்தால் உயரமும் இரட்டிக்கும். இயற்பியலாளர் அலெக்சாண்டர் 1977-இல் காட்டியது இதைத்தான்.

கரைப்பானைப் பொறுத்து மாறுவது அடர்த்தியின் பங்கு, அதாவது பரப்பில் சங்கிலிகள் எவ்வளவு நெருக்கமாக ஒட்டியுள்ளன என்பதன் பங்கு. சங்கிலி நன்றாகக் கரையும் நல்ல கரைப்பானில் உயரம் அடர்த்தியின் கனமூலத்தோடு வளரும். எட்டு மடங்கு நெருக்கினாலும் இரண்டு மடங்கு உயரம்தான். பாலிஸ்டைரீனுக்கு டொலுவீன் அப்படிப்பட்டது. அதற்கே சுமார் 34 டிகிரி செல்சியஸில் உள்ள சைக்ளோஹெக்ஸேன் நல்லதுக்கும் மோசத்துக்கும் இடைப்பட்டது, அங்கே உயரம் அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு வளரும். மோசமான கரைப்பானில் இந்தச் சங்கிலிகளின் அடுக்கு சுருங்கிப் படிந்துவிடும், அங்கே உயரம் அடர்த்திக்கு நேர்விகிதம். அப்புறம், சுருங்கினாலும் பரப்பை விட்டுக் கழன்றுவிடாது.