“சாப்பிட்டு வரக் குணமாகும்” – எத்தனை நாள் வர?

போன வருஷம் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. பல வருஷமாக ஒரே மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார், இறங்கவில்லை. கால் வேறு வீங்கத் தொடங்கியது. மூன்றாவது தடவை போனபோதுதான் கேட்டார்: “ஐயா, இது தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணுமில்ல டாக்டர். தொண்டைக்கு அதிமதுரப் பொடி. காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். நாலு மாசமா.”

உடனே நிறுத்தச் சொன்னார். சில வாரத்தில் அழுத்தம் பழையபடி இறங்கியது, கால் வீக்கமும் வடிந்தது. அதிமதுரத்தை அதிக அளவில் நாள்கணக்காகச் சாப்பிட்டால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நம்பிப் படித்த வீட்டு வைத்தியப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். “அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வர, தொண்டைக்கட்டு குணமாகும்.” ஒரே வரி. எவ்வளவு பொடி, எத்தனை நாள், யார் சாப்பிடக்கூடாது, எதுவும் இல்லை. அந்த “வர” என்ற ஒற்றைச் சொல்லைத்தான் அப்பா நாலு மாசம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? புத்தகம் முழுக்க இப்படித்தான். பூசி வர, குடித்து வர, மென்று வர. எப்போது நிறுத்துவது என்று ஒரு பக்கத்திலும் காணோம்.

நான் கை வைத்தியத்துக்கு எதிரி இல்லை. சிவகங்கைப் பக்கம் அப்பத்தா வீட்டில் வளர்ந்தவள். சளிக்குத் துளசியும் கற்பூரவல்லியும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் தண்ணீருமாகத்தான் என் சின்ன வயசு போனது. அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

அப்பத்தா வசம்பைக் கையாண்ட விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விளக்கெண்ணெய் தடவி, விளக்குச் சுடரில் காட்டித் திருப்பித் திருப்பிச் சுடும். கரியானதும் உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, மூணு மாசப் பிள்ளைக்கு என்றால் ஒரே ஒரு சுற்று. கல்லில் மெல்லிய கறுப்புத் தடம் விழுமே, அவ்வளவுதான் மருந்து. “சுடாம கொடுத்தா பிள்ளைக்கு ஆகாது”ன்னு பக்கத்து வீட்டு அக்காவை அப்பத்தா அதட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? வசம்பைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமாம். சுடுவது போச்சு, ஒரு சுற்று என்ற கணக்கும் போச்சு. ஒரு வயதுக்குள் தேனே கொடுக்கக்கூடாது, போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருளும் லேசுப்பட்டதில்லை. வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டார்கள். என் மகளுக்கு முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். அப்பத்தா இருந்திருந்தால் கோபித்திருக்கும், ஆனாலும் அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பழைய வைத்தியர்கள் அசட்டையாக எழுதியவர்கள் இல்லை. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சொல்லிவைத்தார்கள். சுக்கின் தோலைச் சீவு, கடுக்காயின் கொட்டையை நீக்கு என்ற எச்சரிக்கை அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அளவுக்குக் குன்றிமணி, வராகன், பலம் என்று படிப்படியாக எடைகள் வைத்திருந்தார்கள். பொடிக்குத் திரிகடி, அதாவது மூன்று விரலில் எடுக்கும் அளவு. கஷாயம் என்றால் நாலுக்கு ஒன்றாகவா, எட்டுக்கு ஒன்றாகவா வற்ற வேண்டும் என்பதும் இருக்கும். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் (1798–1832) தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்கே ஒரு இடம் வைத்து, அங்கே கையாண்டு பார்த்த முறைகளைத் தொகுக்கச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்று சரசுவதி மகால் நூலகம் அவற்றை நோய்வாரியாக அச்சிட்டிருக்கிறது. பார்த்துவிட்டு எழுதினார்கள். இன்று ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதுகிறார்கள், நடுவில் நோயாளியே கிடையாது.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவதுதான் அடையாளம். வேலியோரத்தில் அதே சாயலில் இன்னும் இரண்டு மூன்று செடி முளைத்துக் கிடக்கும். பெயரை மட்டும் போட்டு, படமும் இல்லாமல் “காமாலைக்கு அரைத்துக் குடிக்க” என்றால் நகரத்தில் வளர்ந்த பிள்ளை எதைப் பறிக்கும்? கண் மஞ்சளானதற்குக் கிருமி காரணமா, பித்தப்பைக் கல் வழியை அடைத்திருக்கிறதா என்று பரிசோதிக்காமல் எப்படித் தெரியும்? கல் அடைப்புக்கு இலைச்சாறு குடித்துக்கொண்டு காத்திருந்தால் உயிருக்கே வினையாகிவிடும்.

பதிப்பாளர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். நூறு நோய்க்கு நூறு மருந்து வேண்டாம். பத்து மூலிகை போதும். ஒவ்வொன்றுக்கும் தெளிவான படம், எந்தப் பாகம், எப்படிச் சுத்தி செய்வது, எத்தனை கிராம், எத்தனை நாள், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எழுதுங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி நடக்கிறது, தாம்பரத்தில் தேசிய நிறுவனமே இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை அவர்களிடம் காட்டுங்கள்.

அப்பாவின் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. அதிமதுரப் பக்கத்தில் பென்சிலால் “இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாப்பிடக்கூடாது” என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, அத்தையை உட்கார வைத்து அப்பத்தாவின் பக்குவங்களைக் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஒன்பது ஆகியிருக்கிறது. யாருக்குக் கொடுத்தது, எத்தனை வேளை, எப்போது நிறுத்தியது, மூன்றையும் கேட்காமல் நான் விடுவதில்லை. உங்கள் வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எப்போது நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள்.