டேபிளைக் கொஞ்சம் ஏற்றுங்களேன்!

ஆபரேஷன் தியேட்டரில் டேபிளின் உயரம் யாருக்காக வைக்கப்படுகிறது? ட்ராலியிலிருந்து நோயாளியை மாற்றுகிறவர்களுக்காகத் தாழ்த்துகிறார்கள். சரி. சர்ஜன் கை கழுவிவிட்டு வந்ததும் அவர் முழங்கைக்குத் தக்கபடி வைக்கிறார்கள். அதுவும் சரி. நடுவில் மயக்க மருத்துவர் என்று ஒருத்தர் தலைமாட்டில் நின்று, மருந்தால் மூச்சு நின்ற நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டியிருக்கிறதே, அவருக்கு? அவருக்கென்ன, முதுகு இருக்கிறது, குனிந்துகொள்வார்!

ஏற்றச் சொன்னால் அப்போதுதான் ரிமோட்டைத் தேடுவார்கள். அது சர்ஜன் நிற்கும் பக்கம் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். "இதுவே போதுமே டாக்டர், இன்னைக்கு ஆபரேஷன் லிஸ்ட் நீளமா இருக்கு" என்று ஒரு குரல் வேறு வரும்.

போதாது! நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிஞ்சோஸ்கோப்பை இடது கையில் பிடித்து, கைப்பிடி நீளும் திசையிலேயே முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். அதற்கு முழங்கை உடம்பை ஒட்டியும் மணிக்கட்டு நேராகவும் இருக்க வேண்டும். டேபிள் தொப்புள் மட்டத்தில் கிடந்தால் கிணற்றில் விழுந்த வாளியை எட்டிப் பார்ப்பதுபோல வளைந்து நிற்கிறோம். மணிக்கட்டு மடங்குகிறது. மடங்கிய மணிக்கட்டு தூக்காது, நெம்பும். நெம்புவதற்கு முட்டுக்கொடுப்பது நோயாளியின் மேல்வரிசை முன்பற்கள். பல் உடைந்தால் யார் பதில் சொல்வது, லிஸ்ட் நீளம் என்றவரா?

நோயாளியின் நெற்றி நம் நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பயிற்சியில் எல்லோரும் கேட்டதுதான். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் நெற்றியை 4 மட்டங்களில் வைத்துப் பார்த்தார்கள்: தொப்புள், கடைசி விலா, நெஞ்செலும்பு நுனி, மார்புக்காம்பு. மேலே இருந்த இரண்டு மட்டங்களில்தான் குரல்வளை நன்றாகத் தெரிந்தது, மருத்துவருக்கும் சிரமம் குறைவு. ஆக, இது சொகுசு கேட்கிற விஷயம் இல்லை. பார்வையே டேபிள் உயரத்தைப் பொறுத்தது!

உடல் பருமனானவர் என்றால் தோளுக்கும் தலைக்கும் கீழே துணிகளை அடுக்கி, காதுத் துளையை நெஞ்செலும்பின் மேல்குழிக்கு நேராகக் கொண்டுவருகிறோம். அப்போது தலை எங்கேயோ மேலே போய்விடும், டேபிளைத் தாழ்த்த வேண்டும். மறுபடியும் ரிமோட் வேட்டை. என் போன்ற குட்டையானவர்கள் ஸ்டூல் தேடுவது தனிக்கதை.

"அதான் கேமரா வைத்துக் குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிஞ்சோஸ்கோப் வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது, குனிவதும் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் திரையை ஏதோ ஒரு மூலையில் நிறுத்திவைத்தால் முதுகுக்குப் பதில் கழுத்து திருகிக்கொள்கிறது. தவிர, 1943இல் மேக்கின்டாஷ் என்ற மயக்க மருத்துவர் லாரிஞ்சோஸ்கோப்புக்கு அறிமுகப்படுத்திய அந்த வளைந்த பிளேடு இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்கம் கொடுப்பதற்கு முன் அலர்ஜி உண்டா, மூச்சுப்பாதை கடினமா, ரத்த இழப்பு எவ்வளவு இருக்கும் என்றெல்லாம் கேட்கிறது. டேபிள் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நேரமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மயக்கத்துக்கு முன் மாஸ்கில் 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுக்கிறோமே, அப்போது எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? மூச்சையும் நிறுத்திவிடும் தசைத் தளர்ச்சி மருந்து உள்ளே போன பிறகு ரிமோட்டைத் தேட ஆரம்பித்தால், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கும்.

ரிமோட்டைத் தலைமாட்டில் மாட்டுங்கள். அந்த 3 நிமிடத்துக்குள் ஏற்றிவிடுங்கள். டியூப் போட்டு, டேப் ஒட்டி முடித்ததும் சர்ஜனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறக்கிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.