புட்டியை இறக்கு, ஐ.பி. அடி, ஓப்பன் அழுத்து: இவ்வளவுதானா?

புட்டி என்பது, எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக விண்டோஸ் கணினியிலிருந்து தூரத்துச் சர்வருக்குள் போய்க் கட்டளை கொடுக்க உதவும் மென்பொருள். அதற்கான வழிகாட்டித் தாளில் மூன்றே மூன்று வரி. "புட்டியை டவுன்லோட் செய்யவும். ஐ.பி. முகவரியை அடிக்கவும். ஓப்பன் அழுத்தவும்." வேலைக்குப் புதிதாக வந்தவர் கையில் இந்தத் தாளைத் திணித்துவிட்டு, அவரால் சர்வருக்குள் போக முடியவில்லை என்றால் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் போனது அவருக்கா, தாளை எழுதியவருக்கா? அந்த மூன்று வரியில் வரிக்கு ஒரு குழி இருக்கிறது. விழுந்தவரைத் திட்டுகிற நேரத்தில் குழியை மூடியிருக்கலாமே!

முதல் வரியையே எடுங்கள். டவுன்லோட் செய்யவும், சரி, எங்கிருந்து? அதை மட்டும் எழுத மாட்டார்கள். தேடினால் மேலே வருவது விளம்பரம். 2024-ல் புட்டி தேடியவர்களைக் குறிவைத்தே போலி விளம்பரங்கள் ஓடின. 2015-லேயே ஒரு போலிப் புட்டி பிடிபட்டது. அது ஒழுங்காக வேலையும் செய்தது. சர்வருக்குள் போகலாம், கட்டளை கொடுக்கலாம், எல்லாம் நடக்கும். பின்னால் சத்தமில்லாமல் சர்வர் முகவரியையும் லாகின் விவரத்தையும் வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பார் ஒரு புதியவர்?

புட்டியை எழுதியவர் சைமன் டாதம். 1999-லிருந்து வருகிற மென்பொருள். அவருடைய பக்கம் கிரீன்எண்ட் டாட் ஆர்க் டாட் யூகே என்ற முகவரியின் கீழ் இருக்கிறது. "புட்டி டாட் ஆர்க்" என்பது பெயரைப் பார்த்தால் அசல் மாதிரி இருக்கும், ஆனால் அது அவருடையது அல்ல. இறக்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பக்கத்தைத் திறந்தால் கையொப்பமிட்டவர் பெயராக சைமன் டாதம் என்று இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லையென்றால் ஃபைலை அழித்துவிடுங்கள். பத்து விநாடி வேலை இது. தாளில் ஒரு வரி கூடுதல். அதற்கு மனமில்லை.

இதைவிடக் கொடுமை, டவுன்லோடே வேண்டாம் என்று பென்டிரைவில் காப்பி அடித்துக் கொடுப்பது. ஷேர்டு ஃபோல்டரில் 2007-ல் வந்த 0.60 பதிப்பு இன்னும் கிடக்கும் இடங்கள் உண்டு. அதை வைத்துக்கொண்டு உபுண்டு 22.04 சர்வருக்குப் போனால் எப்படி நுழைய முடியும்? சர்வர் பக்கத்தில் இணைப்பை ஏற்கும் மென்பொருளான ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ன் 8.8 பதிப்பு 2021-ல் வந்தபோதே, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவி ஃபைலால் அடையாளம் காட்டும்போது ஷா-1 என்ற பழைய வழியில் போடும் ஆர்.எஸ்.ஏ. வகைக் கையொப்பத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டது. புட்டி புதிய ஆர்.எஸ்.ஏ. கையொப்பங்களைக் கற்றுக்கொண்டது 0.75-ல்தான். அதற்கு முந்தையதை வைத்திருந்தால் சாவி சரியாக இருந்தும் "சர்வர் ரெஃப்யூஸ்ட் அவர் கீ" என்றுதான் வரும். இன்னும் பழையதென்றால், "கீ எக்ஸ்சேஞ்ச் ஆல்காரிதத்தில் உடன்பாடில்லை" என்று அந்த இடத்துக்குக்கூடப் போகவிடாது. அதற்கு இவர்கள் சொல்லும் வைத்தியம் என்ன தெரியுமா? சர்வர் கான்ஃபிக்கில் பழைய எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ-வைத் திரும்பத் திறந்துவிடு என்கிறார்கள்! துருப்பிடித்த ஒரு சாவிக்காக வீட்டுப் பூட்டையே மாற்றுவதா? நான்கு எம்.பி. கூட வராத ஒரு இன்ஸ்டாலரைப் புதிதாக இறக்க இத்தனை சோம்பலா?

பழைய பதிப்பால் வரும் சேதம் இதோடு நிற்கவில்லை. 0.68 முதல் 0.80 வரையான புட்டியில் பி-521 வகை ஈ.சி.டி.எஸ்.ஏ. சாவி பயன்படுத்தியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு ரகசிய எண் வேண்டும், அது 521 பிட் நீளத்துக்கு முழுக்கக் கணிக்க முடியாததாக இருக்க வேண்டும். புட்டி அதை ஷா-512 கொண்டு உருவாக்கியது. அது தருவதே 512 பிட்தான். மீதி 9 பிட் எப்போதும் சுழியம். அந்த 9 பிட் போதும்: சுமார் 60 கையொப்பங்கள் கையில் கிடைத்தால், உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டிய தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் 0.81 வந்து சரிசெய்தது. ஆனால் புட்டியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அந்தச் சாவி போனது போனதுதான். எந்தெந்த சர்வரில் அதன் பொதுச்சாவியைப் போட்டீர்களோ, அத்தனை இடத்திலும், நுழைய அனுமதி உள்ள சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டு, ஈடி25519 வகையில் புதிய சாவி உருவாக்க வேண்டும். எத்தனை இடத்தில் செய்திருப்பார்கள்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

சாவி என்றதும் அடுத்த ரகளை. கிளவுடில் சர்வர் எடுத்தால் சாவியை பெம் என்ற வடிவ ஃபைலில் கொடுப்பார்கள். புட்டி படிப்பது பி.பி.கே. ஃபைல். மாற்றித் தர புட்டிஜென் வேண்டும். ஆனால் "புட்டி ஃபைலை மட்டும் இறக்கினால் போதும்" என்று சொல்லியிருப்பதால் புட்டிஜென் இருக்காது. எம்.எஸ்.ஐ. இன்ஸ்டாலரை எடுத்திருந்தால் புட்டிஜென், சாவியை நினைவில் வைக்கும் பேஜன்ட், ஃபைல் அனுப்பும் பி.எஸ்.சி.பி. எல்லாம் சேர்ந்தே வந்திருக்கும். அட்மின் உரிமை இல்லாத கணினி என்றால் இரண்டையும் தனித்தனி எக்ஸிகியூட்டபிளாக எடுத்து, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம். புட்டிஜெனில் கன்வர்ஷன்ஸ் மெனுவில் இம்போர்ட் கீ, பெம் ஃபைலைக் காட்டி, சேவ் பிரைவேட் கீ. அவ்வளவுதான். ஒரே ஒரு சிக்கல்: 0.75-லிருந்து புட்டிஜென் சேமிப்பது பி.பி.கே. 3-ஆம் பதிப்பு. பழைய ஃபைல் மாற்றும் மென்பொருள்கள் அதைப் படிக்காமல் முரண்டு பிடிக்கும். அந்த மென்பொருளைப் புதுப்பிப்பதுதான் முறை. முடியவே முடியாது என்றால் கீ மெனுவில் சாவி சேமிக்கும் அமைப்புக்குப் போய் 2 என்று மாற்றிச் சேமிக்கலாம். சாவியைக் காட்டும் இடமும் 0.78-ல் மாறிவிட்டது. கனெக்‌ஷன், எஸ்.எஸ்.எச்., ஆத், அதற்குள்ளே கிரெடென்ஷியல்ஸ். பழைய படத்தை ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு ஆத் பக்கத்தில் பிரவுஸ் பட்டனைத் தேடித் தேடிக் களைத்தவர்கள் எத்தனை பேர்!

பயனர் பெயரையும் தாளில் காணோம். அமேசான் லினக்ஸ் என்றால் ஈசி2-யூசர், உபுண்டு என்றால் உபுண்டு. பெயர் தவறினாலும் "ஆதன்டிகேஷன்" என்றுதான் பிழை வரும், ஆள் போய்ச் சாவியைச் சந்தேகிப்பார். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது என்பதையும் யாரும் சொல்வதில்லை. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து மூன்று முறை அடித்து, கணக்கு பூட்டிக்கொண்ட பிறகு ஐ.டி. பிரிவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

ஓப்பன் அழுத்தியதும் பிழை வந்தால் "கனெக்ட் ஆகலை" என்று மட்டும் எழுதுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, வித்தியாசத்தை யாரும் சொல்லித்தரவில்லை. டைம்டு அவுட் என்றால் மறுமுனையிலிருந்து பதிலே இல்லை: வி.பி.என். போடவில்லை, ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது ஐ.பி. தவறு. ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் கணினி அங்கே இருக்கிறது, அந்த போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்ணில்) கேட்பதற்கு ஆள் இல்லை: எஸ்.எஸ்.எச். சேவை ஓடவில்லை, அல்லது 22-க்குப் பதில் வேறு எண்ணில் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியம் போதும், பாதி நாள் மிச்சம்.

உள்ளே போன பிறகாவது நிம்மதி உண்டா? சேமிக்கிற முறையைப் பாருங்கள். எழுத்தளவு, நிறம் எல்லாம் பார்த்துப் பார்த்து மாற்றிவிட்டு ஓப்பன் அழுத்தினால், அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. செஷன் பக்கத்துக்குத் திரும்பி வந்து, பெயரைத் தேர்ந்தெடுத்து, சேவ் அழுத்தினால்தான் நிற்கும். எல்லா செஷனுக்கும் வேண்டுமென்றால் டிஃபால்ட் செட்டிங்ஸ் மீது சேவ். இவை எல்லாம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், கரன்ட் யூசருக்குக் கீழே சாஃப்ட்வேர், சைமன்டாதம், புட்டி என்ற இடத்தில் கிடக்கின்றன. கணினியை ஃபார்மட் செய்யும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்யாவிட்டால் நாற்பது சர்வர் முகவரியும் காற்றில் போகும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் இணைப்பு அறுந்துபோகிறதா? கனெக்‌ஷன் பக்கத்தில் இணைப்பு உயிரோடிருக்கச் சிறு சமிக்ஞை அனுப்பும் கீப்அலைவ் இடைவெளி 0 விநாடி என்று இருக்கும், அப்படியென்றால் அணைந்திருக்கிறது. 60 என்று போட்டுச் சேமியுங்கள்.

திரை உறைந்துவிட்டது என்று ஜன்னலை மூடுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் கன்ட்ரோல் எஸ்தான். வேர்டில் சேமிக்கிற பழக்கத்தில் கை போய்விடுகிறது. டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்து என்ற கட்டளை. கன்ட்ரோல் கியூ அழுத்தினால் ஓடத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் வேலையை நடுவில் கொன்றுவிட்டு "சர்வர் ஹேங்" என்று டிக்கெட் போடுவதைப் பார்க்கும்போது கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது. ரைட் கிளிக் என்றால் பேஸ்ட் என்பதும் அப்படித்தான். கிளிப்போர்டில் பத்து வரி இருந்தால் பத்தும் என்டர் சகிதம் ஓடிவிடலாம்.

ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் போகிறவர்களுக்கு சீரியல் கேபிள் ஒரு தனிக் கொடுமை. புட்டியில் காம்1, 9600 என்று முன்பே எழுதியிருக்கும். அப்படியே ஓப்பன் அழுத்தினால் நடக்காது. யு.எஸ்.பி. கேபிள் எந்தக் காம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று டிவைஸ் மேனேஜரில் பார்க்க வேண்டும். ஃப்ளோ கன்ட்ரோல் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் என்று இருப்பதை நன் (எதுவுமில்லை) என்று மாற்ற வேண்டும். திறந்ததும் கறுப்புத் திரைதான் வரும், ஒருமுறை என்டர் தட்ட வேண்டும். குப்பை எழுத்து வந்தால் வேகம் தவறு, 115200 போட்டுப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் "பி.எல்.2303 ஹெச்.எக்ஸ்.ஏ., 2012-லேயே நிறுத்தப்பட்டது" என்று காட்டினால் சில்லு பழையது அல்லது போலி, புதிய டிரைவர் அதை ஏற்காது.

சாதாரண எஸ்.எஸ்.எச். வேலைக்குப் புட்டியே தேவையா என்றும் யாரும் கேட்பதில்லை. 2018-ன் விண்டோஸ் 10 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து எஸ்.எஸ்.எச். கிளையன்ட் விண்டோஸிலேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஸ்எச் என்று அடித்து, இடைவெளி விட்டு, பயனர் பெயர், அட் குறி, முகவரி. பெம் ஃபைலை மாற்ற வேண்டியதே இல்லை. ஃபைல் உரிமை தளர்வாக இருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். செக்யூரிட்டி பக்கத்தில் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி உங்கள் கணக்கை மட்டும் விட்டால் சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் மனம் ஆறாதது அந்த முதல் எச்சரிக்கைதான். புதிய சர்வருக்குப் போனதும் "இதன் சாவி என்னிடம் இல்லை" என்று புட்டி அந்தச் சாவியின் சுருக்க அடையாளமான ஒரு கைரேகையைக் காட்டி, அக்செப்டா கேன்சலா என்று கேட்கும். நடுவில் வேறு யாராவது சர்வர் வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க இருக்கிற ஒரே வாய்ப்பு அது. தாளில் என்ன எழுதியிருக்கிறார்கள்? "பாப்அப் வந்தால் அக்செப்ட் கொடுக்கவும்." எதோடு ஒப்பிட்டு? சர்வரில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை ஹைஃபன் எல், ஹைஃபன் எஃப் சேர்த்து, எட்சி ஃபோல்டருக்குள் இருக்கும் ஈடி25519 ஹோஸ்ட் பப்ளிக் கீ மீது ஓட்டினால் ஷா256 என்று தொடங்கும் கைரேகை உள்ள ஒற்றை வரி கிடைக்கும். சர்வரை நிர்வகிக்கிறவர்களே, அந்த வரியை எடுத்து, ஐ.பி.க்குப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.